திருவெள்ளறை வழியாக மஸ்கட்

போன மாதம் எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஐம்பத்தைந்து வயது முடிந்து, எனக்கு மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். கட்டையைத் தட்டினால் பச்சை எழுத்தில் ஊரும் விலையும் வந்து நிற்கின்றன! அதன் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும், "அண்ணே, இது இல்லாம நீங்க எப்படிண்ணே மலிவு டிக்கெட் பிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. "எழுதித் தரேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை நிற்க மாட்டேன் என்கிறது.

எழுபத்தொன்றில், பாலக்கரையில் இருந்த அந்த டிராவல்ஸ் ஆபீசில், வீடு வீடாக டிக்கெட் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளாகச் சேர்ந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. முதல் நாலு வருடம் சைக்கிள். பிறகு ஒரு மேஜையின் ஓரம் கிடைத்தது. பிறகு ஒரு பேனா.

அந்த மேஜைமேல்தான் விலைப் புத்தகம் இருந்தது. டெலிபோன் டைரக்டரி பருமன், எறும்பு வரிசை போன்ற எழுத்து, முழுக்க இங்கிலீஷ். ஆனால் அதைப் படிக்க இங்கிலீஷ் தேவையில்லை என்பதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று எழுத்துக் குறி உண்டு. கொழும்புக்கு ஒன்று, பம்பாய்க்கு ஒன்று, மஸ்கட்டுக்கு ஒன்று. பஸ் நம்பர் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே போகலாம். எண்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒன்றுதானே? விலைக்குப் பக்கத்தில் சில இடங்களில் பொடியாக ஓர் எண் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தின் கடைசிக்குப் போனால் அங்கே ஒரு விதி இருக்கும். இத்தனை நாள் தங்கினால் குறைவு, இந்த மாதத்தில் போனால் குறைவு, இன்ன வழியாகப் போனால் குறைவு. முன்பக்கத்தில் விலை, பின்பக்கத்தில் மலிவு! மற்ற ஆபீஸ்காரர்கள் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

விதியை மட்டும் எனக்குப் படிக்க வராது. அதைப் படித்துச் சொன்னவர் ஸ்டெல்லா மேடம்.

எழுபத்தைந்தில் அவர் மானேஜராக வந்தார். மேலப்புதூரில் வீடு, பி.ஏ. படிப்பு, என்னைவிட எட்டு வயது இளையவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேஜை டிராயரைத் திறந்து மர ஸ்கேலை எடுப்பார். அவ்வளவுதான், ஆபீசே அடங்கிவிடும். அந்த ஸ்கேலின் உண்மையான வேலை வேறு. டிக்கெட் என்பது ஒரு சின்னப் புத்தகம். தாள்களின் முதுகில் சிவப்புக் கார்பன் பூசியிருக்கும். மேல் தாளில் அழுத்தி எழுதினால் கீழே உள்ள எல்லாத் தாளிலும் விழும். ஒரு தாள் கம்பெனிக்கு, ஒன்று எங்களுக்கு, மற்றவை விமானத்துக்கு ஒன்றாகக் கிழித்துக் கொடுக்க. ஓர் எழுத்துத் தப்பினாலும் புத்தகமே வீண். அதனால் எழுதி முடித்த டிக்கெட்டின்மேல் மேடம் ஸ்கேலை வைத்து, வரி வரியாக இறக்கி மூன்று தடவை படிப்பார். முதலில் பெயர். அடுத்து தேதி. மூன்றாவது தடவை கீழேயிருந்து மேலே.

"மேலேருந்து படிச்சா நாம நினைச்சதுதாங்க தெரியும். கீழேருந்து படிச்சாத்தான் எழுதினது தெரியும்" என்பார்.

பாஸ்போர்ட்டுக்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் ஆபீசுக்கு வந்த பாஸ்போர்ட், பயணி கிளம்பும் நாள் வரை பீரோவில்தான் இருக்கும். டிக்கெட்டும் அதனுள்ளேயே செருகியிருக்கும். ஏர்போர்ட் வாசலில்தான் கையில் கொடுக்க வேண்டும். நடுவில் வெளியே போனால், யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து. கீழே விழுந்த, திருட்டுப்போன, மாட்டுவண்டியில் மறந்துவைத்த பாஸ்போர்ட்டுகளை அவர் நிறையப் பார்த்தவர்.

என் முதல் வேட்டையைச் சொல்கிறேன். காலேஜில் பாடம் சொல்லும் ஒருவர், மனைவியோடும் குழந்தையோடும் திங்கட்கிழமை கொழும்பு வழியாக மலேயா போகக் கேட்டு வந்தார். குழந்தைக்குப் பாதி டிக்கெட் என்று மேடம் எழுதச் சொன்னார். பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் குழந்தைக்கு இரண்டு வயது முடிகிறது. கிளம்புகிற அன்று இரண்டு முடியாமல் இருந்தால் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், திரும்பி வருவதற்கும் சேர்த்து! அவரிடம் நேராகச் சொல்லக் கூச்சம். ஒரு துண்டுத் தாளில் 'சனிக்கிழமை போகச் சொல்லுங்க' என்று எழுதி மேடம் பக்கம் நகர்த்தினேன். மேடம் அதைப் படித்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், உங்க பாப்பாவோட பர்த்டே கேக் மலேயாவுல வெட்டிக்கலாமா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு வெறி. சாப்பாட்டு வேளையில்கூட ஒரு கையில் புத்தகம் இருக்கும்.

இப்போது பத்துப் பேர் கதைக்கு வருகிறேன். எண்பத்தொன்று என்று நினைவு. எங்கள் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிற கூட்டம் அலையாக இருந்த காலம். ஒருநாள் கொழும்பு வழியாக மஸ்கட் போகிற விலைக்குப் பக்கத்தில் ஒரு பொடி எண் கண்ணில் பட்டது. மேடம் பின்பக்க விதியைப் படித்தார். பத்துப் பேர் ஒரே குழுவாக, ஒரே நாளில் புறப்பட்டு ஒரே விமானத்தில் போனால், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு.

"ஒரே வேலைக்குப் போறவங்களா இருக்கணுமா மேடம்?" என்று கேட்டேன்.

மேடம் ஸ்கேலை வைத்து இன்னொரு முறை படித்தார். "அப்படி எதுவும் போடலை."

போதாதா! பீரோவில் மஸ்கட் பாஸ்போர்ட்டுகள் தனித்தனியாகக் கிடந்தன. ஆளுக்கொரு தேதி, ஆளுக்கொரு கம்பெனி. ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பிடித்தேன். பாலக்கரையில் ஐந்து பேர். எலக்ட்ரிக் வேலைக்குப் போகிற இரண்டு பேர். பச்சைமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு விற்க வந்து, பள்ளம் தோண்டும் வேலைக்குச் சீட்டு வாங்கிய அண்ணன் தம்பி. பத்தாவது, ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த சமையல்காரர் ரங்கராஜன். ஒரு கம்பெனி மெஸ்ஸில் நம் ஊர் ஆட்களுக்குச் சமைக்கப் போகிறவர். பத்துப் பேருக்கும் ஒத்துவந்த ஒரே நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கடுத்த விமானம் திங்கட்கிழமை. மலைக்கார அண்ணன் தம்பிக்கு விசா சனிக்கிழமையோடு முடிகிறது.

மேடம் டிக்கெட்டுகளை எழுத விட்டார். கடைசிப் புத்தகத்தின்மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒருத்தர் கொறஞ்சாலும் மத்த ஒம்போது பேரும் ஏர்போர்ட்லயே மிச்சப் பணத்தக் கட்டணும். கட்டலைன்னா ஏத்த மாட்டாங்க. பாத்துக்குங்க."

மிச்சப் பணம் யாரிடமும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஜமால் என்று ஒருவர், பாலக்கரையில் குடை ரிப்பேர் செய்தவர். விலை குறைந்த சேதியைச் சொன்ன அன்றைக்கே அந்தப் பணத்தில் மனைவிக்கு ஒரு பழைய தையல் மிஷின் வாங்கிப் போட்டுவிட்டார். "நான் அனுப்புற வரைக்கும் அவ கையேந்தக் கூடாதுல்ல அண்ணே" என்றார்.

புதன்கிழமை மதியம் மேடம் பாங்குக்குப் போயிருந்தார். ரங்கராஜன் வந்தார். நெற்றியில் திருமண், கையில் மஞ்சள் பை.

"ஸ்வாமி, அடியேன் பாஸ்போர்ட்ட ஒரு நாழி குடுங்கோ. பெருமாள் திருவடியில வெச்சு வாங்கிண்டு கார்த்தால கொண்டு வந்துடறேன்."

"ஆபீஸ் ரூல் இல்லீங்க சாமி..."

"கடல் தாண்டிப் போறேன் ஸ்வாமி. எங்க வம்சத்துல முதல் ஆள்."

எனக்கு 'மாட்டேன்' என்ற சொல் வாயிலிருந்து வராது. டிக்கெட் செருகிய பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். ரிஜிஸ்டரைத் திறந்தால் மேடம் பார்த்துவிடுவார் என்று அதையும் திறக்கவில்லை.

வியாழன் காலை ஒன்பதுக்கு ஒன்பது பேர் ஆபீஸ் வாசலில். ரங்கராஜன் இல்லை. பத்து மணி அடிக்கும்போது டிரங்குப் பெட்டியோடு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பாஸ்போர்ட் எங்க சாமி?"

"பரஸ்தானம் வெச்சிருக்கேன்."

விஷயம் இதுதான். வியாழக்கிழமை தெற்கே சூலம். அன்று தெற்கு நோக்கிப் பயணம் கூடாது என்பார்கள். ஏர்போர்ட் தெற்கே, கொழும்பும் தெற்கே. அப்படி நாள் சரியில்லாதபோது, முதல் நாளே நல்ல நேரத்தில் பயணச் சாமானில் ஒன்றைக் கிளப்பி, போகிற திசையில் வேறு ஒரு வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். அதுதான் பரஸ்தானம். சாமான் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. எல்லோரும் ஒரு வேட்டியையோ அரிசியையோ வைப்பார்கள். ரங்கராஜன், பயணத்துக்கு இதைவிட முக்கியம் எது என்று பாஸ்போர்ட்டையே மஞ்சள் பையில் போட்டு, தெற்குச் சித்திரை வீதியில் இருந்த அத்திம்பேர், அதாவது அக்காள் புருஷர், வீட்டில் வைத்துவிட்டார். காலையில் எடுக்கப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. குடும்பத்தோடு திருவெள்ளறைப் பெருமாளைச் சேவிக்கப் போய்விட்டார்களாம்.

ஜமால் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். "சாமி, உங்க சூலம் எங்க ஒம்போது பேரு வயித்துலயும்ல வந்து குத்துது!"

மேடம் வெளியே வந்தார். கேட்டுக்கொண்டார். என்னைத்தான் பார்த்தார். "பாஸ்போர்ட் எப்படி அவர் கைக்குப் போச்சு?"

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, அப்புறம் பேசலாம். பன்னெண்டரைக்குக் கவுண்டர மூடுவாங்க. நான் இவங்கள ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க டாக்சிய எடுத்துட்டுப் போங்க. சாவி யார் இடுப்புல இருக்கோ, அவரையும் சேத்துத் தூக்கிட்டு வாங்க."

டாக்சிக்காரர் காதர் பாயின் அம்பாசடரில் நானும் ரங்கராஜனும் ஏறினோம். காவிரி தாண்டி, கொள்ளிடம் தாண்டி, துறையூர் ரோட்டில் வண்டி பறந்தது. அம்பாசடர் பறக்குமா என்று கேட்காதீர்கள், அன்றைக்குப் பறந்தது. ரங்கராஜன் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நாமம் சொல்லிக்கொண்டே வந்தார். "சாமி, ஹாரன் வேல செய்யல, நீங்களே கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார் காதர் பாய்.

திருவெள்ளறைக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேரும்போது பத்து ஐம்பது. அத்திம்பேர் குடும்பத்தோடு சேவித்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்டா ரங்கா, நீ இன்னும் கப்பல் ஏறலியா?"

"கப்பல் இல்ல அத்திம்பேர், ஏரோப்ளேன்! பாஸ்போர்ட் உங்காத்துல மாட்டிண்டிருக்கு. சாவியக் குடுங்கோ!"

"ஆத்துல ஏது? பரஸ்தானத்தப் பூட்டின ஆத்துல விட்டுட்டு வருவாளோ? கையோட எடுத்துண்டு வந்துட்டேன்." அவர் மனைவி கூடையில் இருந்த புளியோதரைத் தூக்கை நகர்த்தி மஞ்சள் பையை எடுத்தாள்.

எனக்கு அந்த அம்மாள் காலில் விழலாம் போலிருந்தது. பையைத் திறந்து பார்த்தேன். பாஸ்போர்ட், டிக்கெட், இரண்டும் இருந்தன. "வாங்க சாமி, வாங்க!" என்று வண்டிக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் ரங்கராஜன் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அடியேன் வரல."

"சாமி?"

"தெற்கே கிளப்பி வெச்ச பை வடக்கே வந்துடுத்து. யாத்திரை பின்னால திரும்பிடுத்து. பரஸ்தானம் பங்கமாயிடுத்து ஸ்வாமி. இனிமே கிளம்பினா உயிரோட திரும்ப மாட்டேன்."

அத்திம்பேர் மஞ்சள் பையையே பார்த்தார். செய்தது அவர் அல்லவா? வண்டியிலிருந்து காதர் பாய், "அண்ணே, பதினொன்னு அடிக்கப் போவுது!" என்று கத்தினார்.

என் கண் முன்னால் ஜமாலின் மிஷின் கடைக்குத் திரும்பிப் போனது. சனிக்கிழமையோடு அந்த மலைக்காரர்களின் விசா முடிந்தது. எல்லாம் நான் ரிஜிஸ்டரைத் திறக்காததால். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் பேசியதில்லை.

"சாமி, எனக்கு சாஸ்திரம் தெரியாது. டிக்கெட் தெரியும். போன மாசம் ஒருத்தருக்குக் கொழும்புக்கு எழுதினேன். இங்கேருந்து நேராப் போனா ஒரு மணி நேரம். அவருக்கு மெட்ராஸ்ல வேலை இருந்துச்சு. வடக்க மெட்ராசுக்குப் போயி, ரெண்டு நாள் தங்கி, அப்புறம் தெக்க கொழும்புக்குப் போனாரு. அவரு பின்னால திரும்பிட்டாருன்னு யாரும் சொல்லல. ஒரே டிக்கெட்தான், ஒரே பயணந்தான். நடுவுல ஒரு ஊர்ல எறங்கி ஏறினா அதுக்கு வழித்தங்கல்னு பேரு. உங்க பாஸ்போர்ட் நேத்து கிளம்பிடுச்சு சாமி. திருவெள்ளறையில வழித்தங்கல் போட்டுருக்கு. இப்ப மஸ்கட்டுக்குப் போவுது. நீங்கதான் பின்னால தங்கிட்டீங்க."

ரங்கராஜன் என்னை நிமிர்ந்து பார்த்தார். தப்பு தன்மேல் இல்லை என்றான சந்தோஷத்தில் அத்திம்பேர் படியைத் தட்டினார்.

"சரியாச் சொன்னேள்! டேய் ரங்கா, ஸ்ரீரங்கத்துக்கும் முந்தின க்ஷேத்திரம்டா இது. ஆதி வெள்ளறை! அந்தப் பெருமாள்ட்ட சொல்லிண்ட உன் பாஸ்போர்ட், இந்தப் பெருமாள்ட்டயும் சொல்லிண்டு போகணும்னு வந்திருக்கு. எழுந்திருடா!"

அவர் மனைவி விளக்குக்குக் கொண்டுவந்த எண்ணெய்க் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை ரங்கராஜன் உச்சந்தலையில் வைத்தாள். தெற்குச் சூலத்துக்கு எண்ணெய்தான் பரிகாரமாம். எண்ணெய் வழிய வழிய அவர் எழுந்து வண்டிக்கு வந்தார்.

திரும்பும்போது ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. எண்ணிப் பார்த்த பெட்டிகளை நான் இன்னும் மறக்கவில்லை, நாற்பத்தொன்று. காதர் பாய் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டிருந்தார். கேட் தூக்கியதும் எடுத்தார் பாருங்கள் வேகம்! காவிரிப் பாலத்தில் நான்கூட நாமம் சொன்னேன்.

ஏர்போர்ட்டில் மேடம் ஒரு சண்டையை நடத்திக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல். ஒன்பது பேரின் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அவர் இரண்டு கைக்குள். கவுண்டரில் இருந்த அதிகாரி கை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"குடுங்க மேடம், இருக்கிற ஒம்போத முடிச்சிடலாம்."

"பத்தும் ஒன்னாத்தான் சார் குடுப்பேன்." ஒன்பதைக் கொடுத்துவிட்டால் அவர் காகிதத்தில் ஒன்பது என்று எழுதிவிடுவார், அதோடு குழு உடைந்துவிடும் என்பது மேடத்துக்குத் தெரியும். கவுண்டர்மேல் ஸ்கேலை வைத்து, ஒன்பது டிக்கெட்டையும் ஒவ்வொன்றாக, கீழேயிருந்து மேலே, மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், டயம் ஆச்சு."

"உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட் சார்."

அப்போதுதான் நாங்கள் ஓடி நுழைந்தோம். மஞ்சள் பையோடு மேடம் கையில் கொடுத்தேன். அவர் பாஸ்போர்ட்டை எடுத்து, பெயரைப் பார்த்து, ஒன்பதின் மேல் பத்தாவதாக வைத்து, மொத்தமாக நகர்த்தினார். அதிகாரி மேலிருந்த டிக்கெட்டை எடுத்தார். முகர்ந்தார்.

"என்ன மேடம், புளியோதரை வாசனை?"

"சமையல்காரர் சார்" என்றார் மேடம்.

அவர் எண்ணினார். பத்து. முத்திரை குத்திய சத்தம் பத்து முறையும் என் நெஞ்சுக்குள் விழுந்தது.

பத்துப் பேரும் வரிசையாக விமானத்தை நோக்கி வெயிலில் நடந்தார்கள். மலைக்கார அண்ணன் தம்பி ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். ஜமால், எண்ணெய் வழிந்த ரங்கராஜனின் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். "சாமிய விட்டுடாதீங்கடா, திரும்பிடப் போறாரு!" என்று மற்றவர்களிடம் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஜமாலின் மனைவி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழவும் அழுதாள்.

திரும்பும்போது காதர் பாயின் வண்டியில் மேடம் முன்னால், நான் பின்னால்.

"நான்தான் மேடம் குடுத்தேன். ரிஜிஸ்டர்ல எழுதல" என்றேன்.

"தெரியுங்க. ரிஜிஸ்டர காலையிலேயே பாத்துட்டேன்."

வண்டி சுப்பிரமணியபுரம் தாண்டியது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு திரும்பாமலே சொன்னார்: "பீரோ சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும். யாரு வந்து கேட்டாலும் மாட்டேன்னு நானே சொல்லிக்கிறேன். அது உங்களுக்கு வராது. வெலைப் புத்தகத்த நீங்க வெச்சுக்குங்க. அது எனக்கு வராது."

ஆபீசில் இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் மேஜைக்குப் போய் பஹ்ரைன் பக்கத்தைத் திறந்தேன். விலைக்குப் பக்கத்தில் பொடியாக ஓர் எண் இருந்தது. மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேலை வைத்துப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்குப் பதினஞ்சு பேரு வேணுமாம்."

சைக்கிளை எடுத்தேன்.